மூன்றுக்கு மேல் திறக்கக் கூடாது

கடலோர நகரமான வர்ணாவின் பேருந்து நிலையத்தில் எந்த வண்டி எந்த மேடையிலிருந்து எப்போது புறப்படும் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருந்தவள் இஸ்க்ரா. டிரைவர்கள் கட்டிப் புரண்டாலும், மழையில் கூரை ஒழுகினாலும், பர்காஸ் வண்டி பாதி வழியில் படுத்துக்கொண்டாலும் அந்தக் குரல் ஒரே சீராக இருக்கும். அது பிடித்துப்போய்த்தான் நிர்வாகம் ஒரு நாள் அவள் குரலை முழுவதும் ஒலிப்பதிவு செய்துகொண்டு அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. இப்போதும் அங்கே அவள் குரல் வேலைக்குப் போகிறது. சம்பளம்தான் கிடையாது. அந்தப் பக்கம் தக்காளி வாங்கப் போனால், “மேடையை விட்டு விலகி நிற்கவும்” என்று அவள் குரலே அவளை விரட்டும்.

அலைந்து திரிந்து கடைசியில் தங்க நங்கூரம் என்ற நிறுவனத்தில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்தாள். நங்கூரம் என்பது நேரே கடலடிக்குப் போய்ச் சேரும் பொருள் என்று பெயர் வைத்தவர்களுக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது. ஊரார் பணத்தை வாங்கி, அதைக்கொண்டு வெளிநாட்டுப் பணத்தை வாங்கி விற்று லாபம் பார்ப்பது அங்கே தொழில். மனிதர்கள் செய்வதில்லை, ஒன்பது ரோபோக்கள் செய்தன. ரோபோ என்றதும் கையையும் காலையும் நினைக்க வேண்டாம். ஒரு நீள மேஜையில் ஒன்பது மடிக்கணினிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு புரோகிராம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கணக்குப் போட்டு, தானே வாங்கும், தானே விற்கும். ஒன்று செய்வது மற்றொன்றுக்குத் தெரியாது. ஒரு ரோபோ எதையாவது வாங்கிவிட்டு இன்னும் விற்காமல் வைத்திருந்தால் அது திறந்த பொசிஷன். விற்றுவிட்டால் பொசிஷன் மூடியாயிற்று. இதற்கு மேல் இஸ்க்ராவுக்குத் தெரியாது. இதற்கு மேல் டைரக்டர் ஹர்லாம்பிக்கும் தெரியாது என்பது பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

தெரியாத தொழிலில் அவள் ஒரு காரியம் செய்திருந்தாள். அவள் குடியிருந்த அடுக்குமாடியில் லிஃப்ட் செத்துப்போயிருந்தது. புதிதாக ஒன்று போடக் குடித்தனக்காரர்கள் சேர்த்து வைத்திருந்த பணம் போதவில்லை. “எங்க ஆபீஸ்ல போட்டா வளருமாம்” என்று கூட்டத்தில் அவள் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். அந்தக் குரலில் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்? கட்டடத்தின் காரியதரிசி மின்ச்சோ, ஒரு காலத்தில் நகராட்சி வாத்தியக் குழுவில் டியூபா என்ற ராட்சதக் குழலை ஊதியவர், மொத்தப் பணத்தையும் கொண்டுவந்து தங்க நங்கூரத்தில் கட்டிவிட்டார்.

எல்லாரையும்விட அந்த லிஃப்டுக்காகக் காத்திருந்தவன் இஸ்க்ராவின் கணவன் கான்ச்சோ. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து நான்கு பேர் நாற்காலியோடு தூக்கி எட்டாவது மாடியில் கொண்டுபோய் வைத்ததுதான்; அதற்குப் பிறகு இறங்கவில்லை. பால்கனியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்கி, கீழே போகிறவர்களிடம் பீர் வாங்கித் தரச் சொல்லுவான்.

“நம்ம வீட்டு ஜன்னல்ல கடல் தெரியுதுன்னு எல்லாரும் பொறாமைப்படறாங்க” என்பான். “பாதி கடல்தான்டி தெரியுது. மீதி பாதியை அந்த ஹோட்டல்காரன் மறைச்சுட்டான். ஒரு முழுக் கடலைப் பார்த்து எத்தனை நாளாச்சு!”

அந்தக் கோடையில் ஒரு வியாழக்கிழமை, ஒன்பது ரோபோக்களும் ஒரே நேரத்தில் இங்கிலாந்து பவுண்டை வாங்கின. ஒரே வீட்டுக்கு ஒன்பது பேர் தனித்தனியாகப் பெண் பார்க்கப் போனதுபோல ஆகிவிட்டது. ஒன்று சரியாகவும் ஒன்று தப்பாகவும் கணக்குப் போட்டால் தாங்கிக்கொள்ளலாம் என்றுதான் ஒன்பது வைத்திருந்தார்கள். ஒன்பதும் ஒன்றாகத் தப்பாகப் போட்டன. பவுண்டு சரிந்தது. தொலைபேசி அலற ஆரம்பித்தது. இஸ்க்ராவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பழக்கதோஷத்தில், “பவுண்டு சற்றுத் தாமதமாக வந்துகொண்டிருக்கிறது. சிரமத்துக்கு வருந்துகிறோம்” என்றாள். கூப்பிட்டவர்களில் பாதிப் பேர் நன்றி சொல்லி வைத்துவிட்டார்கள்.

மறுநாள் எல்லாரையும் கூட்டி வைத்து ஹர்லாம்பி கேட்டார். “இது இன்னொரு தடவை நடக்காம இருக்க என்ன செய்யணும்?”

ரோபோக்களைப் பராமரிக்கிறவன் ஸ்வெதெலின். கூடைப்பந்து பனியனைத் தவிர வேறு எதிலும் அவனை யாரும் பார்த்ததில்லை. சூரியகாந்தி விதையைக் கடித்துத் தோலைத் துப்பிக்கொண்டே சொன்னான். “ஒரு வரி எழுதணும் சார். மூணு பொசிஷன் திறந்திருந்தா நாலாவதைத் திறக்காதேன்னு. இந்தப் பொட்டலம் தீர்றதுக்குள்ள முடிச்சுடுவேன்.”

ஹர்லாம்பியின் முகம் சிவந்தது.

“தம்பி, நமக்கு வந்த நஷ்டம் எவ்வளவுன்னு தெரியுமா? வர்ணா சரித்திரத்துலயே ஒரு மத்தியானத்துல யாரும் இவ்வளவு இழந்ததில்ல. பத்திரிகைக்காரன் படம் பிடிச்சுட்டுப் போறான். இப்படிப்பட்ட நஷ்டத்துக்கு நீ ஒத்தை வரியில வைத்தியம் சொல்றே. நாளைக்கு யாராவது என்னைக் கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்? ஒரு வரி எழுதாததால வந்த நஷ்டம்னா? அது எனக்குக் கேவலம் இல்லையா? பிரச்சினை எவ்வளவு பெருசோ அவ்வளவு பெருசா இருக்கணும்டா பரிகாரம். அப்பத்தான் பிரச்சினைக்கே ஒரு மரியாதை.”

இப்படித்தான் ஏககாலப் பொசிஷன் கட்டுப்பாட்டு நிரந்தரப் பேரவை உருவாயிற்று. அதற்குத் தலைவராக ஓய்வுபெற்ற கடற்படைக் கேப்டன் பருஷெவ் வந்தார். அவர் தலைமை தாங்கிய கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியதே இல்லை. அதனால் அது எதன்மீதும் மோதியதும் இல்லை. அந்தத் தகுதி ஹர்லாம்பிக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

ஹர்லாம்பியே விதியையும் எழுதினார். “இந்நிறுவனத்தில் ஒரே நேரத்தில் மூன்று பொசிஷன்களுக்கு மேல் திறந்திருக்கக் கூடாது. திறப்பதற்குப் பேரவையின் அனுமதி வேண்டும். வரம்பு மீறப்பட்டால், அதிக நஷ்டம் தருவதிலிருந்து தொடங்கி, மூன்று மிஞ்சும்வரை வரிசையாக மூட வேண்டும்.” எழுதி, கையெழுத்துப் போட்டு, சிவப்பு முத்திரை குத்தி, ஒரு பிரதியை தலைநகர் சோஃபியாவில் இருக்கும் மேற்பார்வை அலுவலகத்துக்கும் அனுப்பி வைத்தார். அவர்கள் கேட்கவில்லை. தானாகவே அனுப்பினார்.

ரோபோக்களுக்கு வாய் கிடையாது. பேரவை முன்னால் அவற்றுக்காகப் பேச ஓர் ஆள் வேண்டும். ஹர்லாம்பியின் கண் வரவேற்பு மேஜைப் பக்கம் திரும்பியது.

“எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாதுங்களே” என்றாள் இஸ்க்ரா.

“தெரிஞ்ச ஆளை வெச்சா பாரபட்சமா பேசுவாங்கம்மா” என்றார் ஹர்லாம்பி.

முதல் அமர்வுக்கு மேஜையில் சிவப்புத் துணி விரித்து, பனித்ஸா என்ற பாலாடைக்கட்டிப் பலகாரத் தட்டும் அய்ரான் மோர் ஜாடியும் வைத்திருந்தார்கள். கேப்டன் பருஷெவ் உள்ளே வந்ததும் ஒன்பது மடிக்கணினிகளுக்கு முன்னால் விறைப்பாக நின்று, “காலை வணக்கம், ரோபோக்களே!” என்று முழங்கினார். பதில் இல்லை. கேப்டன் இஸ்க்ராவைப் பார்த்தார். அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

“வணக்கம், கேப்டன்” என்றாள்.

“ஒன்பது பேர் இருக்காங்க.”

அவள் மேலும் எட்டு முறை வணக்கம் சொன்னாள்.

பிறகு மைக்கைப் பிடித்து, “கவனிக்கவும். ஏழாம் எண் ரோபோ ஜப்பான் யென் வாங்க அனுமதி கோருகிறது” என்று வாசித்தாள்.

“எதுக்கு வாங்கறான்?”

“தெரியலீங்க.”

“கேட்டுச் சொல்லு.”

அவள் வெளியே ஓடிப்போய் ஸ்வெதெலினைக் கேட்டாள். அவன் தோலைத் துப்பினான். “யென் விலையோட பன்னண்டு மணி நேர சராசரி, அம்பது மணி நேர சராசரியை மேல தாண்டிடுச்சுக்கா. அதான்.”

திரும்பி வந்து, “ஏதோ ஒரு சராசரி இன்னொண்ணைத் தாண்டிடுச்சாம்” என்றாள்.

“ஓவர்டேக் பண்ணியிருக்கான்!” கேப்டன் பக்கத்திலிருந்தவர்களைப் பார்த்தார். “அனுமதி வாங்கிட்டா தாண்டினான்?”

இதைப் பேசி முடிக்க இரண்டு நாள் ஆயிற்று. கடைசியில் ஏழாம் எண்ணுக்கு யென், இரண்டாம் எண்ணுக்கு பவுண்டு, ஐந்தாம் எண்ணுக்கு ஸ்விட்சர்லாந்து ஃபிராங்க் என்று மூன்று பொசிஷன்களுக்கு அனுமதி கிடைத்தது. கணினிகளுக்குக் குறுக்கே ரிப்பன் கட்டி வெட்டினார்கள். புகைப்படத்தில் கேப்டன் ஏழாம் எண்ணின் மூடியில் கை வைத்து நிற்கிறார், மாப்பிள்ளைத் தோழன் மாதிரி. அந்த மூன்றுக்கும் நாற்காலி தரப்பட்டது. மற்ற ஆறையும் அலமாரிமேல் ஏற்றி நிற்க வைத்தார்கள்.

யென்னில் போனது பெரும்பாலும் லிஃப்ட் பணம் என்று ஸ்வெதெலின் காதோடு சொன்னான். “நல்ல லாபத்துல இருக்குக்கா. இப்பவே மூடிடணும். ரோபோ மூடச் சொல்லிக் கேக்குது.”

இஸ்க்ரா உற்சாகமாக மைக்கைப் பிடித்தாள். “கவனிக்கவும். ஏழாம் எண் ரோபோ தன் பொசிஷனை மூட அனுமதி கோருகிறது.”

கேப்டன் விதியை எடுத்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். அப்புறம் இன்னொரு தடவை படித்தார்.

“திறக்கிறதுக்குத்தான் நாம அனுமதி கொடுக்கலாம். மூடறதுன்னா வரம்பு மீறினா மட்டும்தான். வரம்பு மீறியிருக்கா?”

“இல்லீங்க, மூணுதான் இருக்கு.”

“அப்ப எதுக்கு மூடணும்? ஒழுங்கா இருக்கறவனைத் தண்டிக்கிறதா?”

“மூடினா லாபம் வருமாம் கேப்டன்.”

“அம்மா, நான் லாபத்துக்காக இங்க வரல. ஒழுங்குக்காக வந்திருக்கேன். முப்பது வருஷம் என் கப்பல்ல ஒரு ஆணி காணாமப் போனதில்ல. எல்லாரும் கேட்டாங்க, ஏன் கடலுக்குப் போறதில்லன்னு. கடலுக்குப் போனா ஆணிக்கு யார் பொறுப்பு?”

ஆகவே மூன்று பொசிஷன்களும் திறந்தே கிடந்தன. மூன்று திறந்திருந்ததால் நான்காவது திறக்க முடியவில்லை. வரம்பு மீறாததால் மூன்றை மூட முடியவில்லை. விலைகள் ஏறின, இறங்கின, மறுபடி ஏறின. ரோபோக்கள் கேட்டுக்கொண்டே இருந்தன. பேரவை மறுத்துக்கொண்டே இருந்தது. மாதக் கடைசியில் ஹர்லாம்பி ஓர் அறிக்கை வெளியிட்டார்: வரம்பு மீறல், பூஜ்யம். வாடிக்கையாளர்கள் தங்கள் பணத்தைக் கேட்டு வந்தார்கள். பணம் திறந்த பொசிஷனில் இருக்கிறது, மூடினால்தான் தர முடியும் என்று விளக்கப்பட்டது.

மின்ச்சோவும் வந்தார். சத்தமாகப் பேசும் மனிதர், அன்றைக்குக் கிசுகிசுத்தார்.

“இஸ்க்ரா, ஆறாவது மாடி தம்பதி பியானோ வாங்கியிருக்காங்க. அது ரெண்டாவது மாடிப் படியில மாட்டிக்கிட்டு நிக்குது. எல்லாரும் பியானோவுக்கு அடியில குனிஞ்சுதான் வீட்டுக்குப் போறோம். லிஃப்ட் பணம் என்னம்மா ஆச்சு?”

“ஒழுங்கா இருக்கு மாமா.”

“ஒழுங்கா இருக்குன்னா?”

“அதாவது… அசையாம இருக்கு.”

மின்ச்சோ குனிந்த பழக்கத்தில் கதவிலும் குனிந்தபடியே வெளியே போனார். அன்று எட்டு மாடி ஏறி வந்தவள் கான்ச்சோவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவன் பால்கனியில் கூடையை இறக்கிவிட்டு யாரும் வராததால் சும்மா ஆட்டிக்கொண்டிருந்தான். தன் வாயால்தானே இது வந்தது என்று நினைத்துக்கொண்டே சமையலறைக்குப் போனாள்.

பேரவை வளர்ந்தது. மறுப்பது அத்தனை சுலபமான வேலையல்ல. மறுப்பை எழுத ஓர் ஆள், எழுதியதைச் சரிபார்க்க ஓர் ஆள். மறுக்கப்பட்டவர்களுக்கு மேல்முறையீடு செய்ய உரிமை உண்டு என்றார் கேப்டன். அவர் நியாயமான மனிதர். ரோபோக்களுக்கு மேல்முறையீடு செய்யத் தெரியாததால், அவற்றின் சார்பில் செய்ய நான்கு பேர் நியமிக்கப்பட்டார்கள். அந்த மேல்முறையீட்டை நிராகரிக்க ஆறு பேர். “புதிய பொசிஷன்கள் திறக்கப்படுகின்றன! இன்றே விண்ணப்பியுங்கள்!” என்று வேலைக்கு ஆள் கேட்டுப் பத்திரிகையில் விளம்பரம் வந்தது. ஹர்லாம்பியின் மைத்துனர் ‘மூடுதல் பற்றிய ஆய்வுப் பிரிவு’க்குத் தலைவரானார். மூடுவது சாத்தியமா என்று ஆராய மூன்று வருஷம் கேட்டிருந்தார்.

இதற்கு நடுவில் நான்காம் எண் ரோபோ ஒரு நாள் முழுக்க நிறுத்தாமல் அனுமதி கேட்டுவிட்டது. பவுண்டு ஆடிய ஆட்டத்தில் அதற்குத் தாங்கவில்லை. பேரவை அதைக் கீழ்ப்படியாமைக் குற்றத்துக்காக விசாரித்தது. இஸ்க்ராதான் அதன் சார்பில் நின்றாள்.

“குற்றவாளி ஏதாவது சொல்ல விரும்புகிறாரா?” என்றார் கேப்டன்.

இஸ்க்ரா திரையை எட்டிப் பார்த்தாள். “பவுண்டு வாங்கணுமாம்.”

“இப்பவுமா?” கேப்டனுக்கு நிஜமாகவே வருத்தம். “கொஞ்சமும் மனசு திருந்தலியே!”

நான்காம் எண்ணைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார்கள். மத்தியானம் யாரும் இல்லாதபோது இஸ்க்ரா அதன் சார்ஜரைச் சரியாகச் செருகிவிட்டு, திரையில் இருந்த தூசியையும் துடைத்துவிட்டாள். ஏன் செய்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

“அக்கா, அது வெறும் புரோகிராம்” என்றான் வாசலில் நின்ற ஸ்வெதெலின்.

“நானும்தான் வெறும் குரல். சும்மா இரு.”

இலையுதிர் காலத்தில் சோஃபியாவிலிருந்து ஆய்வாளர் சப்கனோவா வந்தாள். உயரமான, ஒல்லியான பெண். புடைத்துத் தெரியும் பையில் ஒரு தெர்மாஸ் குடுவை. ரயிலில் உட்கார இடம் கிடைக்காமல் நின்றுகொண்டே வந்தவளின் முகம். ஹர்லாம்பி வாசலிலேயே ரோஜா மலர்க்கொத்தோடு நின்றார். பேரவை முழுவதும் சுவரோரமாக வரிசை கட்டி நின்றது.

சப்கனோவா ரோஜாவை வாங்கித் தெர்மாஸ் மூடியில் சொருகி வைத்துவிட்டு, ஹர்லாம்பி எழுதிய விதியை எடுத்து விரித்தாள்.

“மூணு பொசிஷனுக்கு மேல திறந்திருக்கக் கூடாதுன்னு நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்க. நல்ல விஷயம். யாரும் இப்படித் தானா முன்வந்து எழுதிக் கொடுக்க மாட்டாங்க. இப்ப இந்த நிறுவனத்துல எத்தனை பொசிஷன் திறந்திருக்கு?”

கேள்வி கேப்டன் பருஷெவைப் பார்த்துக் கேட்கப்பட்டது. அந்தக் கேள்விக்காகவே அவர் பிறந்து வளர்ந்ததுபோல நெஞ்சை நிமிர்த்தினார். பேரவை ஆரம்பித்ததிலிருந்து யாரும் அதன் பெருமையைக் கேட்கவில்லை.

“நாற்பத்தியொண்ணு!” என்றார். “அடுத்த மாசம் இன்னும் பன்னண்டு திறக்கிறோம்!”

சப்கனோவா பேனா மூடியைக் கழற்றினாள்.

ஹர்லாம்பிதான் முதலில் விழித்துக்கொண்டார். “மேடம், மேடம், அவர் சொன்னது வேற பொசிஷன். உத்தியோகம்! ஆளுங்க! நீங்க கேட்டது…”

“பொசிஷன்னுதான் கேட்டேன். பொசிஷன்னுதான் பதில் வந்தது. உங்க விதியிலயும் பொசிஷன்னுதான் இருக்கு. எந்தப் பொசிஷன்னு அதுல இல்லியே?”

“அது எல்லாருக்கும் புரியுமே மேடம்!”

“எழுதியிருக்கறதைப் படிக்கத்தான் எனக்குச் சம்பளம். எழுதாததைப் படிக்க எங்க அலுவலகத்துல படி கிடையாது.” அவள் சுற்றிலும் பார்த்தாள். “இங்க பொசிஷன்களுக்காகப் பேசற ஆள் யாரு?”

எல்லாத் தலைகளும் இஸ்க்ரா பக்கம் திரும்பின.

அந்தப் பெண் சொல்வது அர்த்தமற்றது என்று அவளுக்குத் தெரிந்தது. வாயைத் திறந்து இரண்டு வார்த்தை சொன்னால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். பழையபடி என்றால் என்ன என்று நினைத்துப் பார்த்தாள். பியானோவுக்கு அடியில் குனிகிற மின்ச்சோ. வெறுங்கூடையை ஆட்டிக்கொண்டிருக்கிற கான்ச்சோ. சுவரைப் பார்த்து நிற்கிற நான்காம் எண். தன்னுடைய வேலையும் அந்த நாற்பத்தியொன்றில் ஒன்றுதான், போனால் போகட்டும்.

“ஆமாங்கம்மா” என்றாள். “நாற்பத்தியொண்ணும் திறந்துதான் இருக்கு.”

“அப்ப வரம்பு மீறியிருக்கு. மூட ஆரம்பிங்க. நஷ்டம் அதிகமானது முதல்ல.”

“ஐயோ, நஷ்டம்னு எதை வெச்சு முடிவு பண்றது?” என்றார் ஹர்லாம்பியின் மைத்துனர், தன் ஆய்வுப் பிரிவில் முதல்முறையாக ஒரு கேள்வி எழும்பிய பரபரப்பில்.

“உள்ள போன பணம், வெளிய வந்த பணம். உங்க பொசிஷன்ல மாசம் உள்ள போறது சம்பளம். வெளிய வர்றது என்ன?”

மைத்துனர் யோசித்தார். ஹர்லாம்பி முன்னால் வந்தார்.

“மேடம், நான் டைரக்டர். நான் போட்ட ஒழுங்குனாலதான் இங்க ஒரு தப்பும் நடக்கல. தப்பு மட்டுமில்ல, எதுவுமே நடக்கல! இத்தனை பேரை வெச்சுக்கிட்டு எதுவுமே நடக்காம பாத்துக்கிறது லேசுப்பட்ட காரியமா? என் அளவுக்கு யாரும் சம்பளம் வாங்கல, ஒத்துக்கறேன். ஆனா என் அளவுக்கு யாரும் எதையும் தடுக்கவும் இல்ல!”

சப்கனோவா அதைச் சொல்லுக்குச் சொல் எழுதிக்கொண்டாள். “முதல் பெயர் கிடைச்சாச்சு” என்றாள் இஸ்க்ராவிடம்.

இஸ்க்ரா மைக்கைப் பிடித்தாள். குரல் பழைய சீரில் இருந்தது. அது அவளுக்கு முன்பே வேலைக்குக் கிளம்பிவிட்டது.

“கவனிக்கவும். டைரக்டர் ஹர்லாம்பியின் பொசிஷன் இப்போது மூடப்படுகிறது. தயவுசெய்து உடைமைகளை எடுத்துக்கொள்ளவும். அடுத்து, மூடுதல் பற்றிய ஆய்வுப் பிரிவுத் தலைவர். கதவருகில் நெரிசல் செய்யாமல் வரிசையாகச் செல்லவும்.”

யாரும் எதிர்க்கவில்லை என்பதுதான் வேடிக்கை. அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்த ஊர். பெயரைக் கேட்டதும் மேலங்கியை எடுத்துக்கொண்டு, பக்கத்திலிருந்தவரிடம் “என்னோடது வந்துடுச்சு” என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனார்கள். மேல்முறையீட்டுக்காரர்கள் நால்வரும், மேல்முறையீட்டை நிராகரித்த ஆறு பேரும் ஒரே வண்டியில் ஏறியதுபோலச் சேர்ந்தே போனார்கள். கேப்டன் பருஷெவ் தன் பெயர் வந்ததும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு சப்கனோவாவுக்கு ஒரு சல்யூட் வைத்தார்.

“விதி விதிதான் அம்மா. நீங்க என் கப்பல்ல இருந்திருக்கணும்.”

வரம்பு மீறப்பட்டதாக எழுத்தில் பதிவாகிவிட்டதால் எதையும் மூடலாம் என்றாகிவிட்டது. ஸ்வெதெலின் அந்தச் சந்தடியில் மேஜைக்கு ஓடி, மாதக்கணக்கில் திறந்து கிடந்த மூன்று உண்மையான பொசிஷன்களையும் மூன்று தட்டலில் மூடினான். பவுண்டில் நஷ்டம். ஃபிராங்கில் நஷ்டம். யென்னை மட்டும் யாரும் தொடாமல் விட்டதில் அது தன்பாட்டுக்கு ஏறிக்கொண்டே போயிருந்தது. மொத்தத்தில் போட்ட பணம் ஏறக்குறையத் திரும்பிவிட்டது.

“தப்பிச்சோம்க்கா! இது ரோபோவும் போட்ட கணக்கில்ல, பேரவையும் போட்ட கணக்கில்ல” என்றான். “சும்மா கிடந்ததுக்குக் கிடைச்சது.”

கடைசியில் மிஞ்சியவை, மிகக் குறைந்த சம்பளம் வாங்கிய மூன்று பொசிஷன்கள்: இஸ்க்ரா, ஸ்வெதெலின், தரை துடைக்கும் ஃபாத்மே. சப்கனோவா மூன்று என்று எழுதி, இரண்டு தடவை அடிக்கோடிட்டு, நான்காம் எண் ரோபோவை ஏன் சுவரைப் பார்க்க வைத்திருக்கிறார்கள் என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் அவளே அதைத் திருப்பி வைத்துவிட்டு ரயிலைப் பிடிக்கப் போனாள். எங்கோ வெளிநாட்டில் இருந்த முதலாளிகள் அந்த மாதத்துச் செலவுக் கணக்கைப் பார்த்து ஆனந்தப்பட்டு, இப்படியே இருக்கட்டும் என்று சொல்லியனுப்பினார்கள். ஸ்வெதெலின் அவன் வரியை எழுதினான். அன்றிலிருந்து ஒன்பது ரோபோக்களும் ஒன்றுக்கொன்று வழிவிட்டு, கொஞ்சம் சம்பாதித்து, கொஞ்சம் இழந்து, எந்த விழாவும் இல்லாமல் வாழ்ந்துவருகின்றன. ஹர்லாம்பியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். எதையும் நடக்காமல் தடுத்த அவருடைய அனுபவத்தை மதித்து சோஃபியாவில் ஏதோ ஒரு துறை அவரைக் கூப்பிட்டுக்கொண்டதாகக் கேள்வி.

லிஃப்ட் பணத்தை இஸ்க்ரா வாங்கிக்கொண்டு போய் மின்ச்சோ முன்னால் வைத்தாள். அவர் கண் கலங்கி, அன்று மாலையே நுழைவாயிலில் எல்லாரையும் கூட்டினார்.

“அன்பான குடித்தனக்காரர்களே! பணம் வந்துவிட்டது. இனி எந்த லிஃப்ட் வாங்குவது, யாரிடம் வாங்குவது, முதலில் லிஃப்ட் வேண்டுமா என்பதை எல்லாரும் கலந்து பேசித்தான்…”

“எங்களுக்கு எதுக்கு லிஃப்ட்?” என்றது தரைத்தளம்.

“கண்ணாடி வெச்ச லிஃப்டா, வெக்காததா?” என்றது நாலாவது மாடி.

“முதல்ல பியானோ கதை என்னன்னு பேசுங்க” என்று யாரோ கத்தினார்கள்.

“ஒவ்வொருத்தரா, ஒவ்வொருத்தரா!” மின்ச்சோவின் முகத்தில் ஒரு பிரகாசம். “இதை ஆராய ஒரு சின்னக் குழு போட்டுடலாம். ரொம்பச் சின்னதா. ஒரு ஏழு பேர்.”

இஸ்க்ரா மேஜையில் இருந்த பணத்தைப் பார்த்தாள். கூட்டத்தைப் பார்த்தாள். எல்லாரும் ஏழு பேர் யார் யார் என்பதில் மும்முரமாக இருந்தார்கள். அவள் பணத்தை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு, கூட்டத்தின் ஓரமாகவே நடந்து வெளியே வந்து, இரண்டு தெரு தள்ளி இருந்த லிஃப்ட்காரன் கடைக்குப் போனாள். அவன் கடையை மூடிக்கொண்டிருந்தான்.

“எட்டு மாடி. சாதாரண லிஃப்ட். எப்ப வருவே?”

“கண்ணாடி வேணுமாக்கா?”

“என் புருஷன் சவரம் பண்ணி நாலு மாசமாச்சு. வேண்டாம்.”

லிஃப்ட்காரன் ஆட்களோடு வந்து, பியானோவைச் சுற்றிக்கொண்டு சங்கிலியை ஏற்றி, வேலையை ஆரம்பித்தான். குழு அப்போது லிஃப்டின் நிறத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. சத்தம் தொந்தரவாக இருக்கிறதென்று கதவைச் சாத்திக்கொண்டது. லிஃப்ட் ஓட ஆரம்பித்த அன்று கான்ச்சோ கீழே இறங்கி, கைத்தடியோடு கடற்கரைக்குப் போய், மாலைவரை முழுக் கடலையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினான்.

கூட்டம் இன்னும் முடியவில்லை. புதன்கிழமைதோறும் ஆறாவது மாடிக்காரர்களும் ஏழாவது மாடிக்காரர்களும் தலை வாரி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, லிஃப்டில் இறங்கி வந்து, இந்தக் கட்டடத்துக்கு லிஃப்ட் தேவைதானா என்று காரசாரமாக விவாதித்துவிட்டு, மறுபடி லிஃப்டில் ஏறி வீட்டுக்குப் போகிறார்கள்.